தட்ட வேண்டாத கதவு

தூத்துக்குடியில் ஒரு வீட்டில் கதவும் வைஃபை பெட்டியும் எதிரெதிரே வாழ்ந்து வந்தன. கொரோனா வந்தது, கதவைச் சாத்தச் சொன்னார்கள். பெட்டிக்கு அன்றுதான் யோகம் அடித்தது. பூசை, கல்யாணம், சாவு எல்லாமே அதன் வழியாக வந்து போயின. தனியாக இருந்த தேவசகாயத்துக்கு மகள் செலினின் முகமும் அப்படித்தான் வந்தது.

நோய் போனது, பழக்கம் போகவில்லை. மூன்று தெரு தள்ளி இருக்கிற செலின் இன்னும் போனில்தான் வந்தாள். அப்பாவுக்குக் குழம்பு வைத்தால் டெலிவரி ஆளிடம் கொடுத்தனுப்பினாள். “தட்ட வேண்டாம், வாசலில் வைக்கவும்” என்று கொரோனா நாளில் டெலிவரி செயலியில் போட்டதை அவள் எடுக்கவே இல்லை.

“அந்தப் பிள்ளை கை என்மேல பட்டு எவ்வளவு நாளாச்சு!” என்றது கதவு.

“தினமும் வந்து சிரிக்கிறாளே, போதாதா? நான் இல்லாவிட்டால் இந்த மனுஷன் பேச்சுத்துணை இல்லாமல் செத்திருப்பார்” என்றது பெட்டி.

அது பொய்யில்லை.

ஒரு நாள் சாளை மீன் குழம்பு வந்தது. தட்டும் சத்தம் இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தேவசகாயம் எழுந்து வருவதற்குள் பூனை முந்திக்கொண்டது. அவர் வெறும் மோரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் செலின் வந்தாள், போனில்.

“குழம்பு எப்படிப்பா இருந்துச்சு?”

“உங்க அம்மா வச்ச மாதிரியே இருந்துச்சும்மா.”

“பொய்! வாசலில் சட்டி கவிழ்ந்து கிடக்கிறது” என்று கதவு முனகியது.

பெட்டி திகைத்தது. “நான் கொண்டுபோனது பொய்யா? குழம்பு வாசனையே எனக்குத் தெரியாதே” என்றது. பிறகு என்ன நினைத்ததோ, தன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டது.

பேச்சு பாதியில் அறுந்தது. அந்த வீட்டுக்குள் வேறு சிக்னல் எட்டாது. செலின் போட்டுப் போட்டுப் பார்த்தாள். பயந்துபோய் ஓடி வந்தாள்.

தட தடவென்று கதவைத் தட்டினாள். கதவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

காலடியில் சட்டியைப் பார்த்தவள், கதவைத் திறந்த அப்பாவையும் பார்த்தாள். “நல்லா இருந்துச்சுன்னீங்களே!”

“நீ வருத்தப்படுவியேன்னுதான்...”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ரசம் வைத்து, முட்டை பொரித்து, அவர் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கிளம்பும்போது கதவில் கையை ஊன்றிச் செருப்பை மாட்டினாள்.

“போயிட்டு வாரேன்பா.”

பெட்டி மெல்லக் கண் திறந்தது.

“இப்போது என்ன சொன்னாள்?”

“போயிட்டு வாரேன்னு சொன்னாள். கிளம்பும்போது எல்லோரும் சொல்வதுதானே?”

பெட்டியின் கடைசி விளக்கும் எரிந்தது.

“என்னிடம் எல்லோரும் ‘வைக்கிறேன்’ என்றுதான் சொல்கிறார்கள்” என்றது.