பெயர் வரும்வரை

குழுவைக் கலைத்துவிடப் போகிறேன் என்று சொல்லத்தான் பொன்னுரங்கம் அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரைத் தேடிப் போனார்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கரூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தமயந்தி. வயதில் பொன்னுரங்கத்துக்குக் கடைசித் தங்கை மாதிரி. ஆனாலும் அவருக்கு குரு என்றால் தமயந்திதான். ஐம்பது வயதுவரை சொந்தப் பெயரைக்கூடத் திக்காமல் சொல்ல முடியாத மனிதரைப் பொறுமையாக உட்காரவைத்துப் பேசவைத்தவர்.

அந்த நன்றியில் பொன்னுரங்கம் தொடங்கியதுதான் குழு. திக்கிப் பேசுகிறவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு. ஞாயிறு சாயங்காலம் வீடியோவில் கூட்டம். ஆரம்பத்தில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் சேர்ந்தார்கள். தினமும் காலையில் ஒரு பயிற்சி போடுவார். மதியம் ஒரு குரல் பதிவு. யார் எதைக் கேட்டாலும் சாப்பாட்டுக் கையைக் கழுவிவிட்டு ஓடிவந்து பதில் சொல்வார். இருந்தும் போகப்போகக் கூட்டம் தேய்ந்தது. வருகிறவர்களும் கேமராவை அணைத்துவிட்டு வெறும் கறுப்புக் கட்டங்களாக இருந்தார்கள்.

"நான் ஒருத்தனே பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போச்சுங்க டீச்சர்," என்றார். "போன வாரம் மூணே பேர். அதுல ஒருத்தர் வாயே தொறக்கல. இனிமே என்னால முடியாதுங்க. எந்திரிச்சதும் யார் வெளிய போனாங்கன்னுதான் பாக்கறேன்."

காலையிலிருந்து ஆட்களைப் பார்த்து டீச்சரும் களைத்துத்தான் போயிருந்தார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடியபடியே கேட்டார்.

"இன்னிக்குக் கூட்டம் இருக்குதுங்களா?"

"அஞ்சரைக்கு. இதான் கடைசின்னு சொல்லிரலாம்னு இருக்கறேன்."

"இங்கிருந்தே நடத்துங்கண்ணா. நானும் பக்கத்துல இருக்கேன். வணக்கம் சொல்லுங்க. அப்புறம் உங்க மைக்கை அணைச்சிருங்க."

"அப்ப யாருங்க பேசறது?"

டீச்சர் மேஜைமேல் இருந்த லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார்.

ஐந்து பேர் வந்தார்கள். பொன்னுரங்கம் வணக்கம் சொன்னார், மைக்கை அணைத்தார். லேப்டாப்பில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒருவர் வெளியேறினார்.

"பாருங்க, போயிட்டாரு."

"போகட்டுங்க."

அந்த அமைதி பொன்னுரங்கத்துக்கு ஆகாது. சின்ன வயதில் வகுப்பில் எழுந்து நின்று வார்த்தை வராமல் தவித்தபோதெல்லாம் முதலில் இப்படித்தான் ஓர் அமைதி வரும். பின்னாலேயே சிரிப்பு வரும். தன் குழுவில் எவருக்கும் அந்தத் தவிப்பு வரவே கூடாது என்று நினைத்திருந்தார். யார் திக்கினாலும் அடுத்த நொடியே வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஒரு கறுப்புக் கட்டத்தில் முகம் தெரிந்தது. அமலோற்பவம். திண்டுக்கல்லில் நர்ஸ்.

"எ... என் பொண்ணுக்குக் கல்யாணம் கூடியிருக்கு. பேரோட குழுவுல போட்டிருந்தேன்."

பொன்னுரங்கம் தலையாட்டினார். முதல் வாழ்த்து அவருடையதுதான்.

"மா... மாப்பிள்ளை வீட்டுல இருந்து முதல்ல பொண்ணு பாக்க வந்தாங்க. பொண்ணு பேரு என்னான்னு என்னைத்தான் கேட்டாங்க. எ... எனக்கு வரல. பக்கத்து வீட்டு அக்கா சட்டுனு சொல்லிட்டாங்க. எல்லாரும் அடுத்த பேச்சுக்குப் போயிட்டாங்க." அமலோற்பவம் மூச்சு வாங்கினார். "அந்தப் பேரை வ... வச்சதே நான்தான். இங்க ஒரு தடவை சொல்லிப் பாக்கணும்."

அமலோற்பவம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பி..." உதடு ஒட்டிக்கொண்டது. "பி... பி..."

பிரிசில்லா. பொன்னுரங்கத்தின் நாக்கு நுனியில் பெயர் தயாராக இருந்தது. மைக்கைப் போட மவுஸைத் தொட்டார். டீச்சர் மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பாவம் டீச்சர் அவங்க..."

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அமலோற்பவத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. வாயை மூடிக்கொண்டு, கேமராவை அணைக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. பொன்னுரங்கத்தால் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பி... பிரி... பிரிசில்லா."

அமைதி. சிரிப்பு எதுவும் பின்னால் வரவில்லை.

இன்னொரு கட்டத்தில் ஒரு முகம் தெரிந்தது. நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் நல்லுசாமி. மாதக்கணக்காகக் கறுப்புக் கட்டமாகவே வந்து போனவர்.

"மா... மாப்பிள்ளை பே... பேருங்க?"

"அ... அது இதைவிடக் கஷ்டம்ங்க!" அமலோற்பவம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

"சொ... சொல்லுங்க. இ... இருக்கறோம்."

அதன் பிறகு அவர்களே பேசினார்கள். பாதி வாக்கியங்கள் நடுவழியில் நின்றன. நின்றவை தாமதமாக வந்து சேர்ந்தன. கூட்டம் முடியும் நேரம் தாண்டியும் ஓடியது. பொன்னுரங்கத்தை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொருவராகப் போகும்போது நன்றி சொல்லவும் இல்லை. அடுத்த ஞாயிறு வருவீங்களா என்று நல்லுசாமி அமலோற்பவத்தைத்தான் கேட்டார்.

டீச்சர் மவுஸைத் திருப்பிக் கொடுத்தார். இதுதான் கடைசி என்று சொல்லாமலே பொன்னுரங்கம் லேப்டாப்பை மூடினார். மூட்டை தூக்கியவர்போல் தோள் வலித்தது.

"அந்தப் பேரு எனக்கு முதல்லயே தெரியும் டீச்சர்." கோபமா அழுகையா என்று அவருக்கே புரியாத குரல். "நான் சொல்லியிருந்தா அவங்க அத்தனை கஷ்டப்பட்டிருக்க வேண்டியதில்லைங்க."

டீச்சர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார்.

"அவங்களுக்கும் தெரியும்ணா," என்றார்.