மிளகாய்க்குப் பிறகு அரிசி

மாவு மில் முதலாளி சங்கரலிங்கத்தை மாடத்தி கடைசியாக உயிரோடு பார்த்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "அரிசி மெஷின்ல வேற எதுவும் விழலையேடி?" என்று கேட்டார். அவருக்கு அந்த அக்கறை வரக் காரணமே அவள்தான்.

பியூலா டீச்சரின் மகளுக்குக் கோதுமை ஆகாது. அந்த மில்லில் அரைத்த அரிசி மாவில் புட்டும் இடியாப்பமும்தான் டீச்சர் கொடுத்தார். அப்படியும் வயிற்றுவலி நிற்கவில்லை. மில்லைக் கூட்டிப் பெருக்கும் மாடத்தி யோசித்தாள்.

"டீச்சர், கோதுமை அரைச்ச மெஷின்லதான உங்க அரிசியும் விழுது?"

முதலாளி பாய்ந்து வந்தார். "துணியால தொடைச்சா ஒரு பொட்டு கோதுமை இருக்காது. இருக்குன்னா காட்டு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

அரிசி மாவில் கலந்த துளிக் கோதுமை கண்ணுக்கா தெரியும்? மாடத்தி, மிளகாய் வற்றல் அரைத்து முடிந்ததும் மெஷினை அதே துணியால் துடைத்தாள். முதலாளி வீட்டு அரிசியைத் தூக்கிக் கொட்டப் போனாள்.

"ஏய், ஏய்! பேரன் திங்கிற மாவுடி, காரம் ஏறிடும்!"

"தொடைச்சாச்சே மொதலாளி. ஒரு பொட்டு இருக்காதே?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை, தன் அரிசிப் பையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

அந்த மாதமே அரிசிக்கென்று தனி மெஷின் வந்தது. அதில் இன்றுவரை கோதுமை விழுந்ததில்லை.