அஞ்சாவது பொம்மை

ஜப்பான்ல, பனி கொட்டுற ஒரு ஊர்ல ஒரு பொண்ணு. பேரு சுமி. அப்பா அம்மா இல்லாம, மாமா வீட்ல இருந்தா. கால கொசுவலைக்குள்ள இழு தேனு, கொசு கடிச்சா ராத்திரியெல்லாம் சொறிவ. கேக்கிறியா?

ம்.

அந்த ஊர்ல வருஷப் பொறப்புக்கு குட்டிக் காகிதப் பொம்மை வாங்குவாங்க. நம்ம தஞ்சாவூர் பொம்மை மாதிரி, தள்ளினா விழும், உடனே எழுந்துக்கும். வீட்ல எத்தன பேரோ அத்தன பொம்மை, கூட ஒண்ணு. குடும்பம் பெருகணும்னு.

அத்தை சந்தையில பொம்மைங்கள தட்டுல உருட்டி விட்டா. டப் டப் டப்! எழுந்து நின்னத எடுத்தா, படுத்தத விட்டுட்டா. மாமாவுக்கு, அவளுக்கு, கைக்குழந்தைக்கு. அப்புறம் கூட ஒண்ணு.

"அத்தை, எனக்கு?"

"நீ ஒண்ட வந்தவ. நட, பனி கொட்டுது."

சுமி அழல. "என் பொம்மைய நானே செஞ்சுக்குவேன்"னா.

அப்புறம் ஒரு மரத்துண்ட பொம்மை மாதிரி செதுக்கி, அது மேல காகிதத்த சோத்துப் பசையால ஒட்டி, காய வச்சு, கீறிக் கழட்டி, திரும்ப ஒட்டினா. நிறுத்தினா பொத்துனு விழுந்துது. அடியில கனமே இல்ல. அப்புறம் இன்னொண்ணு செஞ்சு, அடியில களிமண்ணு வச்சா. எழுந்துது, ஆனா கள்ளு குடிச்சவன் மாதிரி கோணிக்கிட்டு நின்னுது.

மாமா சிரிச்சாரு. "ஏண்டி, உன் பொம்மைக்கு இடுப்புப் பிடிப்பா?"

"நாளைக்கு நிமிந்துடும் மாமா."

மூணாவது செஞ்சா. மண்ண உருட்டி, மொதல்ல நல்லா காய வச்சு, நட்டநடுவுல ஒட்டினா. செவப்புச் சாயம் அடிச்சா, கண்ணு வரைஞ்சா. தள்ளினா. டொக்! நேரா எழுந்துது.

அத கொண்டுபோய் மாடத்துல, நாலு பொம்மைக்கும் ஓரத்துல வச்சா. அத்தை பாத்துட்டா.

"யாரு இது?"

"நான்."

அத்தை விரலால சுண்டினா. டொக், எழுந்துது. பலமா சுண்டினா. டொக், எழுந்துது. அப்போ கோவம் வந்து கையால ஒரே தட்டு! பொம்மை கீழ விழுந்து, கடகடன்னு உருண்டு, கதவுகிட்ட போயி... வாயிலேருந்து விரல எடுடி. தூங்கிட்டியா?

ம்ஹும். நின்னுச்சாம்மா?

ஆடி ஆடி நின்னுது. கைக்குழந்தை கெக்கெக்கேனு சிரிச்சுது. சுமி பொம்மைய எடுத்து, அதே எடத்துல வச்சிட்டு, நகராம நின்னா.

அத்தை கைக்குழந்தைய தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா. அப்புறம், "ஓரத்துல வைக்காத, விழுந்துடும்"னா.

"விழுந்தா எழுந்துக்கும் அத்தை."

"எழுந்துக்கும்டி. இருந்தாலும் நடுவுல தள்ளி வை."

சுமி நடுவுல வச்சா. அவ்ளோதான், கதை படுத்துடுச்சு. நீயும் கண்ண மூடு.