நாற்பத்தொன்றாம் பயிற்சி

"ஒரு பிள்ளை பயிற்சியைச் செய்ய மாட்டேங்குறா, டீச்சர்."

வந்தவர் சங்கரவேல், இங்கிலீஷ் வாத்தியார். ஓய்வுபெற இன்னும் ஓராண்டு இருந்தது.

எதிரே பியூலா டீச்சர். ஆசிரியர்களுக்கென்று அவர் எழுதிய ஆங்கில இலக்கணக் கையேடு அந்த வட்டாரத்துப் பள்ளிகளில் எல்லா மேசைகளிலும் கிடந்தது. அதில் சந்தேகம் வந்தால் சங்கரவேல் பஸ் ஏறிவிடுவார். ஒரு காலத்தில் அவரிடம் படித்தவர்.

"புதுப் பதிப்பும் வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன், டீச்சர்."

"வீணாப் போனவனே. அட்டையை மட்டும்தான் மாத்தினேன்."

சங்கரவேல் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து விரித்தார்.

நாற்பத்தொன்றாம் பயிற்சி. ஒரு மாணவி தன் ஆசிரியைக்கு எழுதிய கடிதம். இதில் பதினொரு பிழைகள் உள்ளன. திருத்துக.

பதினெட்டு வருடமாக அவர் நடத்திவரும் பாடம்.

கடிதத்தைப் பார்த்து எழுதிய இசக்கியம்மாள், ஒன்பதாம் வகுப்பு, ஒரு பிழையைக்கூடத் தொடவில்லை. கீழே தமிழில் ஒரு வரி இருந்தது.

'சார், இந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனா?'

பக்கத்தில் சிவப்பு மையில் முட்டை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடி படித்தார்.

"புத்தகம் வந்து முப்பத்திரண்டு வருஷம். எத்தனை வாத்தியார்கள் எழுதிக் கேட்டிருக்காங்க தெரியுமா? பத்தாவது பிழை பிழைதானான்னு கேட்டாங்க. கமாவைப் பத்திக் கேட்டாங்க. இதை ஒருத்தரும் கேக்கல."

"அது நீங்களா எழுதின கடிதம் இல்லையா?"

"நிஜக் கடிதம்தான். பேரை மட்டும் எடுத்துட்டேன்."

சங்கரவேல் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"கடிதத்துல என்ன இருக்கு, சொல்லு."

"முதல் வரியில காலம் தப்பு. ரெண்டாவது வரியில—"

"என்ன இருக்கு, சங்கரவேல்?"

அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். மனப்பாடமாகத் தெரிந்த கடிதம். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, தமிழில் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம். எனக்குப் பதினாலு வயசு. நான் படிக்கணும். நீங்க வந்து சொன்னா அப்பா கேப்பார்."

விரல் அங்கேயே நின்றது.

"எனக்கு எது எழுதினாலும் இங்கிலீஷ்லதான் எழுதணும்னு வகுப்புல சட்டம் போட்டிருந்தேன்" என்றார் டீச்சர். "எழுதினா. பதினோரு வட்டம் போட்டு, திருத்தி எழுதிட்டு வான்னு திருப்பிக் கொடுத்தேன்."

"வந்தாளா?"

"வியாழக்கிழமை வந்தா. பழைய தாளையும் புதுத் தாளையும் சேர்த்துக் குண்டூசி குத்திக் கொடுத்தா. புதுசுல ஒரு பிழையும் இல்ல. வெரி குட் போட்டு வச்சுக்கிட்டேன்."

வெளியே யாரோ துணி அடித்துத் துவைக்கும் சத்தம்.

"திங்கட்கிழமை பேர் கூப்பிடும்போது அவ இடம் காலியா இருந்தது. அப்புறம்தான் எடுத்துப் படிச்சேன்."

"இப்ப அவ எங்க இருக்கா?"

"அடுத்த வருஷம் பிரசவத்துல போயிட்டா. பிள்ளையும்."

சங்கரவேல் நோட்டை மூடினார். குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"இவ்வளவும் தெரிஞ்சு ஏன் டீச்சர் அதைப் புத்தகத்துல போட்டீங்க?"

"யாராவது கேப்பாங்கன்னு."

டீச்சர் மூடிய நோட்டின் மேல் கை வைத்தார்.

"இந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"பதினாலு."

"இதை எப்ப எழுதினா?"

"போன வெள்ளிக்கிழமை."

"நீ என்ன பதில் சொன்ன?"

சங்கரவேல் முட்டையைப் போட்ட கையைப் பார்த்தார்.

"இன்னைக்கு வகுப்புக்கு வந்தாளா?"

"திங்கள்லேருந்து வரல. லீவு லெட்டர் கொடுத்து விட்டிருந்தா."

"என்ன எழுதியிருந்தா?"

"அக்கா கல்யாணம், அஞ்சு நாள் லீவுன்னு. நான் சொல்லிக்கொடுத்த மாதிரிக் கடிதம் அப்படியே, டீச்சர். அதுல பிழை ஒண்ணும்—"

நிறுத்தினார்.

டீச்சர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தொலைபேசியை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"டீச்சர்" என்றார் சங்கரவேல். "அவ வீட்டுல அவதான் மூத்தவ."