முதல் பெஞ்சின் ஓர இடம்

பீடி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். பதம் வந்தால்தான் வெட்ட வரும். முந்தின கட்டில் மிஞ்சிய இலை மடியில் சுளகில் கிடக்கிறது. நாலு பீடி சுற்றுவதும் நாலு வரி எழுதுவதுமாகப் போகிறது. தாளில் புகையிலைத் தூள் வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது பத்து வருசத்துக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அன்றைக்குச் சாயங்காலமே தெருவுக்கு வந்து சொன்னார்கள். அவர்கள் சொன்னபடியே சொல்கிறேன்.

ஞானமுத்து வாத்தியார் ஓய்வு பெற்ற பிறகும் அங்கே வந்து கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார். ஆள் இல்லை, அதனால் வந்தார். அவரிடம் படித்தவர் சண்முகவேல். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. டவுனில் இருக்கிற பெரிய பள்ளிக்கு அவர்தான் தலைமையாசிரியர். அது சர்க்கார் பள்ளிதான். ஆனால் பரீட்சை வைத்து, தேறினால்தான் ஆறாம் வகுப்பில் சேர்ப்பார்கள்.

ஒரு நாள் அவர் வாத்தியாரைத் தேடி வகுப்புக்கே வந்தார். கையில் பளபளவென்று ஒரு கேடயம். அதை வாத்தியார் காலடியில் வைத்துக் கும்பிட்டார்.

"என்னய்யா இது?"

"ஆண்டுப் பரீட்சையில எல்லா வகுப்பும் நூத்துக்கு நூறு சார். ஒரு பிள்ளகூட ஃபெயில் இல்ல. மாவட்டத்துலயே எங்க பள்ளிதான்."

"சந்தோசம். இதச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தியா?"

"ஒண்ணு கேக்கவும் வந்தேன் சார்."

"கேளு."

"எங்க பள்ளியில யார் யார் பிள்ளைங்க படிக்காங்கன்னு பாத்தோம். வாத்தியார் பிள்ள, ஆபீசர் பிள்ள, கடைக்காரர் பிள்ள. பீடி சுத்துறவங்க பிள்ள ஒண்ணுகூட இல்ல. ஃபீஸ் இல்ல, பஸ் பாஸ் குடுக்கோம், சாப்பாடு குடுக்கோம். பரீட்சை எழுதவே வரமாட்டேங்காங்க. ஏன் சார்?"

வாத்தியார் சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

"இந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு கணக்கு போடு."

"நானா?"

"தலைமையாசிரியர் ஆனா கணக்கு மறந்துருமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே பலகைக்குப் போனார்.

ஒரு எண்ணை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து ஏழைக் கழித்தால் ஐம்பத்து மூன்று. அந்த எண் எது? அப்படி எழுதினார்.

"தெரிஞ்சவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. எல்லாரும் ஒரே பக்கமாகத் திரும்பினார்கள். முதல் பெஞ்சில் சன்னலோரம். அங்கே யாரும் இல்லை. மற்ற பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், அந்த ஓரம் மட்டும் சும்மா கிடந்தது.

"அங்க என்ன பாக்கீங்க? நான் இங்கல்லா நிக்கேன்."

ஒரு பெண் எழுந்தாள். "பேச்சிதான் சார் சொல்லுவா."

"யாரு பேச்சி?"

"பேச்சியம்மா. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் ஓரத்துல அவதான் இருப்பா. சார் கேட்டு முடிக்குமுன்ன சொல்லிருவா. 'ஏட்டி, மத்தவங்களும் சொல்லட்டும், வாய மூடு'ன்னு சார் வைவாங்க."

வகுப்பு மாறி மாறிப் போயும் அந்த ஓரத்தை விட்டே உட்கார்ந்து பழகிவிட்டார்கள்.

"இப்ப எங்க அந்தப் பிள்ள?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"உங்க பள்ளிக்கூடத்துக்குத்தான சார் வந்தா."

தலைமையாசிரியருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"ஆமா சார். ஒரு பிள்ள இருந்துச்சு. கடைசி பெஞ்சு. வாயே திறக்காது. பேரு பேச்சி, பேச்சையே காணோமேன்னு டீச்சருங்க கேலி பண்ணுவாங்க."

"கணக்கு வராதா?"

"எங்களுக்கு எல்லாம் இங்கிலீஷ்ல சார். கேள்வி புரியாம முழிக்கும். எந்திரிச்சு நிக்கச் சொன்னா அழுதுரும். ஏழாவதுல அரையாண்டுல ஃபெயில்."

"அதுக்கு?"

"அம்மாவ வரச் சொன்னோம். ஊர்லயே படிக்கட்டும், அங்க நல்லா வருவான்னு தன்மையாத்தான் சொன்னேன். டிசி குடுத்து அனுப்புனோம்."

"அம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. கையெழுத்துத் தெரியாது, ரேகை வச்சா."

சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் அந்த ஓரத்தை மறுபடி பார்த்தார்.

"இங்கதான சார் வந்திருக்கணும்?"

"வரல."

"நீங்க ஒரு எட்டுப் போய்க் கூப்பிட்டிருக்கலாமே."

"போனேன். கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, 'நான் ஃபெயில் சார்'ன்னா. மடியில சுளகு இருந்துச்சு. அவ அம்மா வாசல்ல உக்காந்து பீடி சுத்திக்கிட்டிருந்தா. 'நீங்கதான் அறிவு இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. அங்க போயித்தான் எம்பிள்ளைக்கு அறிவு இல்லன்னு தெரிஞ்சுது'ன்னா."

வாத்தியார் மேசையில் இருந்த புத்தகத்தை மூடி வைத்தார்.

"சுத்தியும் பொம்பளைங்க. பிள்ளைங்க. அந்தத் தெருவே கேட்டுக்கிட்டு இருந்துச்சு."

தலைமையாசிரியர் சாக்பீஸை விரலில் உருட்டினார்.

"ஒரே ஒரு பிள்ள சார்," என்றார் மெதுவாக. "அத வச்சிருந்தா நூறு வந்திருக்காது."

வாத்தியார் குனிந்து காலடியில் இருந்த கேடயத்தை எடுத்தார். முதல் பெஞ்சுக்கு நடந்தார். சன்னலோரம் சும்மா கிடந்த இடத்தில் அதை நிறுத்தி வைத்து, பலகையைப் பார்த்துத் திருப்பினார்.

"இப்பக் கேளுய்யா," என்றார்.

தலைமையாசிரியர் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றும் சொல்லவில்லை. மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வரும்போதும் அவர் அங்கேயேதான் நின்றாராம். கணக்கை யாரும் போடவும் இல்லை, அழிக்கவும் இல்லை. கஷ்டமான கணக்கு இல்லை அது. கழித்த ஏழைத் திருப்பிக் கூட்டினால் அறுபது.

"ஏட்டி பேச்சி, ஒம்பிள்ள முழிச்சு அழுறா, காதுல விழலயா?" அத்தை கூப்பிடுகிறார்.

வந்துட்டேன் அத்தை. அறுபதை மூன்றால் வகுத்தால், அந்த எண் இரு—