பி என்பது யார்

"மேடம், நான் பி-யை அழிச்சிட்டேன்."

சொன்னவர் தேவசகாயம். குழந்தைகள் ஆஸ்பத்திரி வார்டில் இருபது வருஷம் கிளார்க்காக இருந்துவிட்டு, இரண்டு மாதம் முன்புதான் கம்ப்யூட்டர் அறைக்கு மாற்றலாகி வந்தவர். வேலை சொல்லிக்கொடுத்த பர்வீனுக்கு அவர் மகள் வயது. குருவுக்கு வயசென்ன கணக்கு!

"பி-ன்னா யாரு சார்?"

"ரெண்டாவது டிஸ்க் மேடம். பேக்கப் எடுக்கப் புதுசாச் சேர்த்தோமே, அந்தக் காலி டிஸ்க். நேத்து ரெண்டு தடவை பார்த்தேன், காலியாத்தான் இருந்துச்சு. இன்னைக்குக் காலையில முழுசா அழிச்சு ஃபார்மட் குடுத்தேன்."

"நடுவுல?"

"வெர்ச்சுவல் மெஷினை ஒருதடவை நிறுத்திப் போட்டேன்."

பர்வீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த மெஷின், பெரிய கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர். அதற்குள் ஒரே அளவில் மூன்று டிஸ்க். எழும்போது முதலில் கண்ணில் படுவதற்கு ஏ என்று பேர் வைக்கும், அடுத்ததற்கு பி, பிறகு சி. மறுபடி எழுப்பினால் வரிசை மாறலாம், பேரும் மாறிவிடும். நேற்றைய பி இன்று சி. இன்றைய பி-யில் இருந்தவை நாலு வருஷமாகச் சேர்த்துவைத்த, குழந்தைகளின் இதய ஸ்கேன் வீடியோக்கள். வேறு நகல் கிடையாது. நகல் எடுக்கப் போய்த்தான் மனுஷன் இந்தக் காரியம் செய்தார்.

ஒரு மணி நேரம் கீபோர்டோடு மல்லுக்கட்டிவிட்டு அவள் கையை எடுத்தாள்.

"போச்சு சார்."

அவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மாறாத நம்பர் ஒண்ணு உண்டே, பார்த்தீங்களா?"

"இருபது எழுத்து மேடம். யாரு படிக்கிறது? பி-ன்னா சுலபமா இருந்துச்சு."

"பி-ன்னா யாரு?"

"அதான் மேடம், ரெண்டாவது..."

"அது நின்ன இடம் சார். யாருன்னு கேட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

பர்வீன் கதவைக் காட்டினாள். வெளியே பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பிறந்த நாள் முதல் வார்டிலேயே கிடந்த நாலு மாசப் பெண் குழந்தையைப் போன மாதம் பறிகொடுத்தவர். அவள் இதயம் துடிக்கிற வீடியோ இங்கே இருக்கிறதென்று கேள்விப்பட்டு வந்திருந்தார்.

"அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

போனார். பழைய வார்டுப் பழக்கத்தில், "பாப்பா எந்தத் தொட்டில்?" என்று கேட்டுவைத்தார்.

"தொட்டிலை மாத்திக்கிட்டே இருந்தாங்க சார்."

அந்த அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு நீலப் பட்டையை எடுத்தார். குழந்தையின் மணிக்கட்டில் கட்டுவது. விரல் அகலம்கூட இல்லாத அதில் நீளமாக ஓர் எண். கையெழுத்து தேவசகாயத்துடையது.

"நீங்கதான் சார் கட்டிவிட்டீங்க. தொட்டில் மாறும், இது மாறாது, கழட்டிடாதீங்கன்னு சொன்னீங்க. கடைசிவரைக்கும் கழட்டல சார். இதை வச்சு எடுத்துடலாம்ல?"