வாய் திறக்காத புஷ்பராணி

எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தணிகாசலம் என்று ஒரு வீட்டுத் தரகர் இருந்தார். நாலு விரலில் மோதிரம். அவரிடம் வீடு காட்டும் வேலை பார்த்தவள் புஷ்பராணி.

ஒருநாள் ஏரிக்கரையில் விலைக்கு வந்த வீட்டைப் பார்க்க ரிட்டயரான கண்டக்டர் மாசிலாமணி மனைவியோடு வந்தார். தணிகாசலம் புஷ்பராணியைத் தனியே அழைத்தார்.

"அந்த வீட்டோட குறையை உளறினா உன் வேலை போயிடும். ஆனா 'எல்லா விவரமும் சொன்னாங்க'ன்னு இந்த பாரத்துல அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரணும்."

"சரிங்க சார். எதைச் சொல்லக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துடுங்க. எனக்கு மறதி ஜாஸ்தி."

அவரும் ஆபீஸ் தாளில் எழுதினார். மழை பெய்தால் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். போர் தண்ணீர் உப்பு. பாதி இடம் புறம்போக்கு. பழக்கதோஷத்தில் கீழே கையெழுத்துப் போட்டு சீலும் குத்தினார்.

வீட்டைச் சுற்றிப் பார்த்த மாசிலாமணி, "நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லீங்க ஐயா" என்று புஷ்பராணி தாளை நீட்டினாள்.

அவர் அதைப் படித்து, மனைவிக்கும் படித்துக் காட்டினார். பாரத்தில் சந்தோஷமாகக் கையெழுத்திட்டார். வீடு வேண்டாம் என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விஷயம் தெரிந்ததும் ஆபீசில் தணிகாசலம் குதித்தார். "ஏன் சொன்னே?"

"குறையைப் பத்தி நான் வாயே திறக்கலைங்க. சொன்னதெல்லாம் நீங்கதான்."

"உன் வேலை போச்சு."

"சரிங்க. ஏன் நிறுத்தினாங்கன்னு யாராவது கேட்டா, கண்டக்டர் ஐயா பையில இருக்கிற தாளைப் பார்த்துக்கச் சொல்றேன்."

தணிகாசலம் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கண்டக்டர் தம்பதிக்கு மேட்டுத் தெருவில் வேறு வீடு காட்டப் போனவளும் புஷ்பராணிதான்.